இரண்டாம் மாதத்தில் இருப்பவருக்கு எழுதுங்கள்

டி.பி.க்கு முழுக்க மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டு, "எனக்கு நடந்ததை நாலு பேருக்குச் சொல்லணும்க்கா" என்று என்னிடம் வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நோட்டில் எழுதுகிறவர்கள், பத்திரிகைக்கு அனுப்புகிறவர்கள், கைப்பேசியில் பேசிப் பதிவு செய்கிறவர்கள், மருந்து வாங்கும் நாளில் வராந்தா பெஞ்சில் புதிதாக வந்தவர் பக்கத்தில் போய் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். நானும் அந்த நோய் வந்து குணமானவள். அதற்குப் பிறகு நோயாளிகளோடு பேசுவதும், அவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்திக் கொடுப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. ஒருவருடைய அனுபவம் இன்னொருவர் கையில் இருக்கும் மாத்திரையை விழுங்கவும் வைக்கும், சாக்கடையில் போடவும் வைக்கும். இரண்டையும் கண்ணால் பார்த்தவள் என்பதால் சில இடங்களில் கறாராகப் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரே ஓர் ஆளை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். "பொதுமக்களுக்கு" என்று எழுத உட்கார்ந்தால், ஆஸ்பத்திரிச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதைத்தான் திருப்பி எழுதுவீர்கள்.

நான் சொல்கிற ஆள், மருந்து ஆரம்பித்து ஆறேழு வாரம் ஆனவர். இருமல் நின்றுவிட்டது. சாயங்காலமானால் வருகிற காய்ச்சல் வருவதில்லை. பசிக்கிறது. வெயிட் ஏறியிருக்கிறது. வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, போடாத நாளில் உடம்பு நன்றாக இருக்கிறது. "நமக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று அவருக்குத் தோன்றுவது இயற்கை. அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. சாதாரண டி.பி.க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து கொடுக்கிறார்கள். வேகமாகப் பெருகுகிற கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் செத்துவிடும். பெருகாமல் பதுங்கிக் கிடக்கிறவற்றை ஒழிக்கத்தான் மிச்ச மாதங்கள். நடுவில் நிறுத்தினால் அவை திரும்பவும் தலைதூக்கும், சில பேருக்கு அந்த மருந்துகளுக்கே கட்டுப்படாத வகையாக.

நோய் என்று தெரிந்த நாளில் அழுததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்ட நாளின் சந்தோஷத்தையும் எழுதுகிறார்கள். நடுவில் கிடக்கிற அந்த அலுப்பான மாதங்களை எழுதத்தான் ஆளில்லை. உங்களுக்கு எப்போது நிறுத்திவிடலாம் என்று தோன்றியது? அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள்? எதற்காகத் தொடர்ந்தீர்கள்? இதை எழுதுங்கள். நீங்கள் எழுதுவதிலேயே அதிகம் பயன்படப்போவது இந்தப் பகுதிதான்.

2. மறப்பதற்கு முன் குறித்துவையுங்கள். குணமான பிறகு உடம்பு தன் கஷ்டத்தை மறந்துவிடும். மனசு அதைக் கதையாக்கிவிடும். மருந்து சாப்பிடுகிற காலத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு தேதி, எடை, எத்தனை மாத்திரை, அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு டி.பி. இருந்தது. 1948-ல் ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தபோது, அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை அமெரிக்காவிலிருந்து நண்பர் மூலம் வரவழைத்து அவருக்குக் கொடுத்தார்கள். அது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மருந்து தன்னை என்ன செய்தது என்பதை மறப்பதற்குள் குறித்துவைக்க வேண்டும் என்று அடுத்த வருடம் தன் குறிப்பேட்டில் எழுதினார். தோல் சிவந்தது, தொண்டை புண்ணானது, நகங்கள் கெட்டுப்போனது, முடி கொட்டியது, இரவில் உதட்டில் கசிந்த ரத்தம் காய்ந்து காலையில் வாயைத் திறக்க முடியாமல் உதட்டை நனைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். அதில் புலம்பலும் இல்லை, வீரமும் இல்லை. 1950 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அந்த மருந்து ஓர் உடம்பை எப்படிப் படுத்தியது என்பதை இன்றைக்கும் அந்தக் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்ள முடிகிறது. உதடு ஒட்டிக்கொண்டது என்கிற அந்த ஒரு தகவல், "தாங்க முடியாத வேதனை" என்று பத்துத் தடவை எழுதுவதைவிட அதிகம் சொல்லிவிடுகிறது. எழுத வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

3. பக்க விளைவுகளை மறைக்காதீர்கள். "நோயாளிகள் பயந்துவிடுவார்கள்" என்று சில நல்ல மனசுக்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். சொல்லாமல் விட்டால்தான் பயம். முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும், ரத்தம் போகிறது என்று அலறி அடுத்த வேளை மாத்திரையைத் தொட மறுத்த பெண்ணை எனக்குத் தெரியும். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும், ஒரு கெடுதலும் இல்லை. இந்தத் தகவலை முன்கூட்டியே அவளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

எழுதும்போது இரண்டு வகையாகப் பிரித்து எழுதுங்கள். வந்தாலும் தாங்கிக்கொண்டு அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்ல வேண்டியவை ஒரு பக்கம்: ஆரஞ்சு நிறம், லேசான குமட்டல், பைரசினமைடு சாப்பிடும் மாதங்களில் வருகிற மூட்டு வலி, ஐசோனியசிட்டால் பாதத்தில் வருகிற எரிச்சலும் மரமரப்பும். கடைசியாகச் சொன்னதற்கு பைரிடாக்சின் என்கிற வைட்டமின் மாத்திரை கொடுப்பார்கள். அன்றைக்கே ஓட வேண்டியவை இன்னொரு பக்கம்: கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது. பார்வைக் கோளாறு எதாம்ப்யூட்டாலால் வரக்கூடியது. மஞ்சள் காமாலை என்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் இந்த இரண்டில் எதை அனுபவித்தீர்கள், எத்தனையாவது வாரத்தில், டாக்டர் என்ன மாற்றினார் என்பதைச் சொன்னால் போதும்.

பெண்கள் எழுதும்போது இன்னொன்றையும் விடாதீர்கள். ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கர்ப்பத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. மருந்து கொடுக்கிற இடத்தில் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், கேட்கிறவர்களும் கூச்சப்படுகிறார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குத் தயங்காமல் எழுதக்கூடிய விஷயம் இது.

4. உங்கள் அளவை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். இப்போது கொடுக்கிற கூட்டு மாத்திரைகள் எடையைப் பொறுத்தவை. 35 முதல் 49 கிலோ வரை மூன்று மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை நான்கு. "நான் மூணுதான் போட்டேன், எனக்கே சரியாப் போச்சு" என்று நீங்கள் எழுதுவதை 55 கிலோ எடையுள்ள ஒருவர் படித்தால், வயிற்றைப் புரட்டுகிற அந்த நாலாவது மாத்திரையை ஒதுக்கிவிடுவார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எடையையும் சேர்த்து எழுதுங்கள், அளவை டாக்டர்தான் முடிவு செய்தார் என்பதையும் எழுதுங்கள்.

"என் உடம்பில் இப்படி நடந்தது" என்பதோடு உங்கள் அதிகாரம் முடிந்துவிடுகிறது. "நீங்களும் இப்படிச் செய்யுங்கள்" என்று ஆரம்பிக்கிற வாக்கியம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசியுங்கள். "டாக்டரிடம் போங்கள்", "மாத்திரையை நிறுத்தாதீர்கள்", "வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதியுங்கள்" இந்த மூன்றையும் தாராளமாகச் சொல்லலாம்.

5. சாப்பாட்டைப் பற்றி நிதானமாக எழுதுங்கள். நம்மிடம் வருகிற அனுபவக் கதைகளில் பாதி, ஆட்டுக்கால் சூப்பில் ஆரம்பித்துத் தூதுவளையில் முடிகிறது. சூப் குடிப்பதில் தப்பில்லை, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் ஆறு மாதம் மாத்திரையும் சாப்பிட்டு சூப்பும் குடித்தவர், குணமானதும் சூப்பை மட்டும் எழுதினால், படிக்கிறவர் சூப்பை மட்டும் எடுத்துக்கொள்வார்.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று சொல்லிவிடவும் கூடாது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப் பொருட்களை மாதாமாதம் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாக டி.பி. வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. மருந்து ஆரம்பித்து முதல் இரண்டு மாதத்தில் வெயிட் ஏறிய நோயாளிகள் இறப்பதும் குறைவாக இருந்தது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் எப்போது வந்தது, வராமல் போனபோது யாரைப் பார்த்தீர்கள், அதில் என்ன வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். முட்டையா, வேர்க்கடலையா, ரேஷன் பருப்பா? வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கும் பங்கு போனதா? இவையெல்லாம் வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல்கள்.

நீங்கள் எழுத ஆரம்பித்ததும், "எங்கள் சூரணத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதுங்கள்" என்று சிலர் வருவார்கள். கட்டாயம் வருவார்கள். டி.பி.யைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

6. சின்ன விஷயம் என்று எதையும் தள்ளாதீர்கள். சளி மாதிரி கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைக் கையில் கொடுத்து "காலைச் சளி கொண்டுவாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருகிறார்கள். எச்சிலில் கிருமி தெரியாது, முடிவு 'இல்லை' என்று வரும், இருமலோடு இன்னும் ஒரு மாதம் அலைவார்கள். எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, ஆழமாக இரண்டு மூன்று தடவை மூச்சை இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி வருகிற கெட்டிச் சளியை டப்பாவில் விட்டு மூடியை இறுக்க வேண்டும். இதைச் செய்து பார்த்தவர் சொன்னால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

7. வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எழுதுங்கள். தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தது, பிள்ளையைத் தூக்க விடாதது, கொல்லைப்புற அறையில் படுக்கச் சொன்னது. இவற்றில் பலதும் தேவையே இல்லாதவை. டி.பி. காற்றில் பரவுவது. நுரையீரல் டி.பி. இருப்பவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிவருகிற நுண்துளிகளில்தான் கிருமி இருக்கிறது, சாப்பிட்ட தட்டில் இல்லை. ஜன்னலைத் திறந்துவைப்பதும், வாயைத் துணியால் மூடி இருமுவதும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும்தான் பாதுகாப்பு. சரியான மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களுக்குத் தொற்றைப் பரப்பும் தன்மை நன்றாகக் குறைந்துவிடும்.

இந்த உண்மை உலகத்துக்குத் தெரிந்ததில் சென்னைக்குப் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் 1928-ல் தொடங்கியதும் அப்படி ஒன்றுதான், இன்றைக்கும் அங்கிருக்கிற ரயில் நிலையத்துக்கு அதே பெயர். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம், மதராஸின் நெரிசலான குடியிருப்புகளில் இருந்த ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தது, மறுபகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாட்டின் சத்தும் குறைவு. இருந்தும் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்து மருத்துவம் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. 1959-ல் முடிவுகள் வெளிவந்த பிறகு, நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைக்கிற வழக்கம் உலகம் முழுக்கவே குறைந்துபோனது. நம் ஊர்க் குடிசைகளில் நிரூபித்த விஷயத்தை நம் ஊர் மாமியார்களுக்கு இன்னும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். உங்கள் வீட்டில் தட்டு எப்போது தனியாகப் போனது, எப்போது திரும்ப மற்றத் தட்டுகளோடு சேர்ந்தது, யார் சேர்த்தார்கள் என்று எழுதுங்கள். அதைப் படித்து இன்னொரு வீட்டில் ஒரு தட்டாவது உள்ளே வரட்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்குத் தடுப்பு சிகிச்சை உண்டு என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். நோய் இல்லை என்று பரிசோதித்த பிறகு, டாக்டர் சொல்கிறபடி சில மாதங்களுக்கு மாத்திரை கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம்.

8. பெயர் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு மட்டுமே. "தைரியமாகப் பெயரோடு சொன்னால்தான் சமுதாயம் மாறும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் உங்களை அவசரப்படுத்துவார்கள். அமிதாப் பச்சன், தனக்கு 2000-ஆம் ஆண்டில் முதுகெலும்பு டி.பி. வந்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் நன்மை விளைந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதால் அவருக்குப் படவாய்ப்பு குறையவில்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பெண்ணுக்கு மறுநாள் மிஷின் இல்லாமல் போகலாம், வரன் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இருக்கலாம். இந்த விலையைக் கொடுக்கப்போவது நீங்கள்தான், கைதட்டுகிறவர்கள் இல்லை. புனைபெயரில் எழுதினாலும் அனுபவம் உண்மைதான். ஒருமுறை பெயர் வெளியே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது, புனைபெயரை என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றலாம். சந்தேகம் இருந்தால் புனைபெயரிலேயே ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, உங்கள் கதையில் உங்கள் கணவரும் மாமியாரும் தங்கையும் இருக்கிறார்கள். புனைபெயர் போட்டாலும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். தங்கைக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று வீட்டில் சொன்னால் காத்திருங்கள். அது கோழைத்தனம் இல்லை.

9. எக்ஸ்ரே, ரிப்போர்ட், மாத்திரை அட்டை எதைப் படமெடுத்துப் போட்டாலும் மூலையில் இருக்கும் பெயர், வயது, பதிவு எண், ஆஸ்பத்திரி முத்திரை எல்லாவற்றையும் மறைத்த பிறகு போடுங்கள்.

10. பக்கத்துக் கட்டில்காரரின் கதை உங்களுடையது இல்லை. வார்டில் இருந்தவர்களுக்கு இது கஷ்டம். இரவெல்லாம் கூடவே விழித்திருந்தவர் விடியற்காலையில் இறந்துபோனதை எழுதாமல் எப்படி இருப்பது என்று கேட்பார்கள். உங்கள் மனசு பட்ட பாட்டை எழுதுங்கள். அவருடைய ஊர், தொழில், குடிப்பழக்கம், பார்க்க வராத மனைவி, இவையெல்லாம் அவரோடு போகட்டும். டி.பி.யோடு எச்.ஐ.வி.யும் இருக்கிறவர்கள் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாதது.

11. கோபத்தை எழுதுங்கள், ஆனால் அதை ஒரு காரியத்துக்கு உபயோகப்படுத்துங்கள். ஆஸ்பத்திரியில் மரியாதையில்லாமல் பேசினார்கள், மருந்து தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள், நோயைக் கண்டுபிடிக்கவே மூன்று டாக்டர்களிடம் அலைய வைத்தார்கள். இதெல்லாம் நடக்கிறது, எனக்கும் நடந்தது. அடைமொழிகளைச் சேர்க்காமல் என்ன தேதி, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, அதனால் எத்தனை நாள் மருந்து தவறியது என்று எழுதினால், அதைப் படிக்கிற அதிகாரி தப்பித்துப் போக முடியாது.

இப்படிச் சொல்லிச் சொல்லி உலகத்தையே அசைத்த இரண்டு பெண்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் பக்கத்துக் காயலிட்ஷாவைச் சேர்ந்த புமேசா டிசிலே. மாணவியாக இருந்தபோது 2010-ல் அவருக்கு டி.பி. என்று தெரிந்தது, மருந்துக்குக் கட்டுப்படாத வகை. அப்போது கொடுத்த கானமைசின் ஊசியால் காது கேட்காமல் போய்விட்டது. சுமார் 20,000 மாத்திரைகள் சாப்பிட்டுத்தான் அவர் குணமானார். இன்னொருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். அவருக்குக் குடலில் டி.பி., இரண்டு தடவை வந்தது. அவருக்கும் மருந்தால் கேட்கும் திறன் போனது. இரண்டு பேரும் தங்களுக்கு நடந்ததை எழுதினார்கள், பேசினார்கள். காது கேட்காமல் போன நாளைப் பற்றிச் சொன்னார்கள். அழுதுவிட்டுப் போகச் சொல்லவில்லை, இந்த ஊசி வேண்டாம், மாற்று மாத்திரை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் ஊசியைவிட மாத்திரைகளுக்கே முன்னுரிமை கொடுக்கும்படி சிகிச்சை முறையை மாற்றியது. அந்த மாத்திரைகளில் முக்கியமானது பெடாகுவிலின். அதன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்தபோது, இந்த இரண்டு பெண்களும் 2019-ல் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவு விலையில் வேறு நிறுவனங்களும் அந்த மாத்திரையைச் செய்ய வழி திறந்தது.

எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மருந்து இல்லாமல் திரும்பிய நாளைத் தேதியோடு எழுதி மாவட்டக் காசநோய் அதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்பினாலே, உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவருக்கு அது உதவும்.

12. படித்துவிட்டு உங்களைத் தேடி வருவார்கள். அதற்குத் தயாராக இருங்கள். "சளியில் ரத்தம் வருகிறது, என்ன செய்யட்டும்?" என்று ராத்திரி கேட்பார்கள். ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். "மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆச்சு" என்று ஒருவர் சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அவர் உங்களிடமும் சொல்லமாட்டார், டாக்டரிடமும் சொல்லமாட்டார். "சொன்னது நல்லதாப் போச்சு, நாளைக்குக் காலையில் போகலாம்" என்று சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள். டி.பி. பற்றிய சந்தேகங்களுக்குக் கட்டணமில்லாத எண் 1800-11-6666, தமிழ்நாட்டில் 104-ஐயும் கூப்பிடலாம். இந்த இரண்டு எண்களையும் நீங்கள் எழுதுகிற ஒவ்வொன்றின் அடியிலும் போடுங்கள். சென்னையில் 1999-ல் தொடங்கிய ரீச் அமைப்பு, குணமானவர்களுக்கே பயிற்சி கொடுத்துப் புதிய நோயாளிகளோடு பேச அனுப்புகிறது. உங்கள் மாவட்டத்தில் அப்படி யாராவது இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். தனியாளாக இத்தனை பேர் பாரத்தையும் சுமந்தால் உங்கள் தூக்கம் கெட்டுவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசுவேன் என்று வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

13. தேதி போடாமல் எதையும் வெளியே விடாதீர்கள். நான் மருந்து சாப்பிட்ட காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மாத்திரை, ஒரே வேளையில் ஏழு மாத்திரை, சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். 2017-லிருந்து நாடு முழுக்க அந்த முறையை மாற்றித் தினமும் சாப்பிடுகிற முறையாக்கிவிட்டார்கள். அன்றைக்கு என்னைப் போன்றவர்கள் எழுதியதை இன்று ஒருவர் தேதி தெரியாமல் படித்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்வார். மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கும். கட்டுப்படாத டி.பி.க்கு இரண்டு வருடம் மருந்து சாப்பிட்ட காலம் போய், தகுதியானவர்களுக்கு ஆறு மாத மாத்திரை முறை இப்போது இந்தியாவிலும் வந்திருக்கிறது. எந்த வருடம், எந்த மாதம் என்று மேலேயே எழுதிவிடுங்கள்.

14. முழுக்கக் குணமாகாததையும் எழுதுங்கள். கிருமி போய்விட்ட பிறகும் சிலருக்கு நுரையீரலில் தழும்பு நிற்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "முன்னைப் போலவே ஆகிவிட்டேன்" என்று எல்லோரும் எழுதினால், அப்படி ஆகாதவர் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார். திரும்ப நோய் வந்தவர்கள் அதைவிட மௌனமாக இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரானால், தயவுசெய்து எழுதுங்கள். உங்களுக்காகத்தான் நான் அதிகம் காத்திருக்கிறேன்.

15. மருந்து முடிந்ததும் எழுத்தையும் முடித்துவிடாதீர்கள். சிகிச்சை முடிந்து ஆறாவது, பன்னிரண்டாவது, பதினெட்டாவது, இருபத்து நான்காவது மாதங்களில் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் முதல் தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் பழைய எழுத்தின் கீழே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: எடை எவ்வளவு, எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள், மூச்சு எப்படி இருக்கிறது. நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், முதலில் சளி டப்பாவோடு போய்விட்டு வாருங்கள். எழுதுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.